பெயர் மாறிய பணம்



எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் ஒரு கட்டு வீட்டு வரி ரசீது இருக்கிறது. அப்பா சேர்த்து வைத்தது. மஞ்சளேறிய காகிதம், பஞ்சாயத்து முத்திரை பாதி அழிந்துவிட்டது. ஒவ்வொரு ரசீதிலும் வீட்டு வரிக்குக் கீழே 'நூலக வரி' என்று தனியாகச் சில காசுகள் எழுதியிருக்கும். அப்பா ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்த்தவர். ரசீது வந்த அன்று அந்த இடத்தில் விரலை வைத்து, "இந்தக் காசுலதான்டா நம்ம நூலகத்துக்குப் பேப்பர் வருது" என்பார். பத்து வயதில் எனக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் பொதுநிதி பாடம் நடத்திய பிறகு, அந்த விரல் காட்டிய இடம்தான் என் பாடத்தின் மையம் என்று தோன்றுகிறது.

1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. எஸ்.ஆர். அரங்கநாதன் பல ஆண்டுகள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவினாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராக இருந்த காலத்தில் அது நிறைவேறியது. வீட்டு வரியோடு சேர்த்து ஒரு சிறு வரி. அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்கு. இன்று சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. இதற்கு ஆங்கிலேயர் காலத்திலிருந்து வழங்கும் பெயர் செஸ். ஒரு காரியத்துக்கென்று வாங்குவது, அந்தக் காரியத்துக்கே போவது, கொடுத்தவன் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வரக்கூடியது. ஆகவே செஸ் என்ற சொல்லின் மேல் எனக்கு வெறுப்பு இல்லை. அந்தச் சொல்லுக்கு நேர்ந்ததைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

ஒன்றிய அரசுக்கும் மாநிலங்களுக்கும் இடையிலான அதிகாரச் சமநிலை என்றதும் ஆளுநர், கிடப்பில் போடப்பட்ட மசோதா, 356ஆம் பிரிவு என்று நம் மனம் ஓடுகிறது. அவை செய்தியாகின்றன, அவற்றுக்காகத் தெருவில் இறங்குகிறோம், நீதிமன்றம் போகிறோம். ஆனால் ஒரு வரிக்கு என்ன பெயர் வைப்பது என்ற முடிவில் அதைவிடப் பெரிய அதிகாரம் சத்தமில்லாமல் கைமாறுகிறது. 'வரி' என்று பெயர் வைத்தால் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. 'செஸ்' என்றோ, வரியின் மேல் போடும் 'சர்சார்ஜ்' என்றோ பெயர் வைத்தால் இல்லை. கொடுப்பவர் அதே மனிதர், வாங்குவது அதே கருவூலம். பெயர் மட்டும்தான் வேறு.

இந்தப் பழக்கம் நாடு விடுதலை பெறுவதற்கு முன்பே தொடங்கியது. 1919ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் இரட்டை ஆட்சி வந்தது. கல்வி, சுகாதாரம், உள்ளாட்சி எல்லாம் மாகாண அமைச்சர்கள் கைக்கு வந்தன. வருவாயைப் பிரித்ததில் இந்திய அரசுக்குத் துண்டு விழுந்தது. அதை மாகாணங்கள் ஈடுகட்ட வேண்டும் என்று மெஸ்டன் பிரபு தலைமையிலான குழு 1920இல் தீர்மானித்தது. அதற்கு வரி என்று பெயர் இல்லை, கப்பம் என்றும் பெயர் இல்லை, 'பங்களிப்பு' என்றார்கள். மொத்தம் 983 லட்சம் ரூபாய். அதில் சென்னை மாகாணம் தர வேண்டியது 348 லட்சம். பம்பாய்க்கு 56 லட்சம், வங்காளத்துக்கு 63 லட்சம். ஏன் நமக்கு இவ்வளவு? புதிய வருவாய்ப் பிரிப்பில் நிலவரி மாகாணத்துக்கு வந்தது. வங்காளத்தில் ஜமீன்தார்களிடம் என்றைக்குமாக நிர்ணயித்த தொகை, வளராத பணம். இங்கே பெரும்பகுதி ரயத்துவாரி. குடியானவனிடம் நேராக வசூலித்ததால் சென்னைக்குக் கூடுதல் வருவாய் கிடைக்கும் என்று கணக்குப் போட்டார்கள். திருநெல்வேலியிலும் தஞ்சாவூரிலும் உழுதவன் கட்டிய கிஸ்தி, அவனுடைய மாகாணத்தின் பள்ளிக்கூடத்துக்கு வரும் முன்பே டெல்லிக்குப் போயிற்று. நீதிக்கட்சி அமைச்சர்களுக்குப் பொறுப்பு இருந்தது, பணம் இல்லை. 1928-29இல்தான் அந்தப் பங்களிப்பு முற்றிலும் நீங்கியது. அந்த ஆண்டுகளில் எத்தனை பள்ளிகள் திறக்காமல் போயின என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது.

அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்ட பொருள் இதுதான் என்பதை என் மாணவர்களுக்கு ஒவ்வோர் ஆண்டும் சொல்லியிருக்கிறேன். பிரிட்டிஷ் இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி. 1925இல் நூலாக வந்தது. 1833ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு சென்னையில் ஒரு புதிய பணியிடம் உருவாக்கவும் கல்கத்தாவின் அனுமதி வேண்டும் என்ற நிலை இருந்தது. அங்கிருந்து தொடங்கி, மாகாணங்களின் கை எப்படிக் கட்டப்பட்டது, எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக அவிழ்ந்தது என்பதை ஏடு ஏடாகப் படித்த மனிதர்தான் பின்னாளில் அரசமைப்பு வரைவுக் குழுவின் தலைவரானார். 280ஆம் பிரிவில் நிதிக்குழு என்றொரு தனி அமைப்பை வைத்தார்கள். பங்கு கேட்டு மாநில முதல்வர் நிதியமைச்சரின் வாசலில் காத்திருக்க வேண்டாம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை ஒரு குழு கணக்குப் பார்த்துச் சொல்லும். உலகின் கூட்டாட்சிகள் பலவற்றில் இல்லாத நல்ல ஏற்பாடு இது.

ஆனாலும் அன்றே ஒருவர் எச்சரித்தார். நம் கே. சந்தானம். இந்த நிதி அமைப்பில் மாகாணங்கள் மத்திய அரசின் வாசலில் கையேந்தி நிற்க வேண்டிவரும் என்ற கருத்தை அரசியல் நிர்ணய சபையில் அழுத்திச் சொன்னார். அதே சந்தானம் பின்னர் இரண்டாவது நிதிக்குழுவின் தலைவரானார். அவர் குழு, மாநிலங்களுக்கான வருமான வரிப் பங்கை 55 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது.

அந்தப் பங்கு உயர்ந்த கொஞ்ச நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 1959ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தில் நிறுவனங்கள் கட்டும் வருமான வரி 'நிறுவன வரி' என்று வகை மாற்றப்பட்டது. வருமான வரியில் மாநிலங்களுக்குப் பங்கு உண்டு. நிறுவன வரியில் கிடையாது. ஒரு சட்ட மாற்றத்தில் பெரிய தொகை பங்கிடும் தொகுப்பிலிருந்து வெளியேறியது. மூன்றாவது நிதிக்குழு அதை ஈடுகட்ட வருமான வரிப் பங்கை மூன்றில் இரண்டாக உயர்த்தியது. நான்காவது குழு 75 சதவீதமாக்கியது. உயர்த்தி என்ன பயன்? வளர்ந்துகொண்டே போன வரி வெளியே நின்றது, மெல்ல நகர்ந்த வரியில் பங்கு கூடிக்கொண்டே போனது.

அந்த நான்காவது குழுவின் தலைவர் பி.வி. ராஜமன்னார். சென்னை உயர் நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக இருந்தவர். தெலுங்கில் நாடகம் எழுதியவர். சங்கீத நாடக அகாடமியின் முதல் தலைவர். 1969இல் கலைஞரின் அரசு மத்திய-மாநில உறவை ஆராய அமைத்த குழுவுக்கும் அவரே தலைவர். அந்தக் குழுவின் 1971 அறிக்கையைப் பிரிவினைவாதம் என்று எளிதாகத் தள்ளியவர்கள் உண்டு. அதன் நிதிப் பகுதியைப் படித்தால் தெரியும். டெல்லியின் கணக்குப் புத்தகத்தை உள்ளிருந்து பார்த்த ஒருவரின் எழுத்து அது. நிறுவன வரியையும் சுங்க வரியையும் பங்கிட வேண்டும் என்று அது கேட்டது. தமிழ்நாடு அப்போது கேட்டதை நாடு 29 ஆண்டு கழித்து ஏற்றுக்கொண்டது. பத்தாவது நிதிக்குழுவின் பரிந்துரைப்படி 2000ஆம் ஆண்டில் வந்த 80ஆவது திருத்தம், ஏறக்குறைய எல்லா மத்திய வரிகளையும் ஒரே தொகுப்பில் சேர்த்தது. முதலில் 29 சதவீதம், பிறகு 29.5, 30.5, 32 என்று பங்கு ஏறி, ஒய்.வி. ரெட்டி தலைமையிலான 14ஆவது குழுவில் 42 சதவீதமானது. 15ஆவது குழு ஜம்மு காஷ்மீர் மாநிலம் இல்லாமல் போனதைக் கணக்கில் கொண்டு 41 என்றது.

நல்ல செய்திதான். ஆனால் அந்தத் திருத்தம் 270ஆம் பிரிவில் இரண்டைத் தொகுப்புக்கு வெளியே விட்டது: குறிப்பிட்ட நோக்கத்துக்கான செஸ், 271ஆம் பிரிவின் கீழான சர்சார்ஜ்.

2021 பிப்ரவரி 1ஆம் தேதி பட்ஜெட்டைச் சொல்கிறேன். அதுவரை பெட்ரோலில் ஒரு லிட்டருக்கு ஒன்றிய அரசின் வரி 32 ரூபாய் 98 காசு. அன்று அது 32 ரூபாய் 90 காசு ஆனது. எட்டுக் காசு குறைந்தது. பெட்ரோல் பங்க்கில் வண்டி நிறுத்தியவருக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. உள்ளே என்ன மாறியது? மாநிலங்களோடு பங்கிட வேண்டிய அடிப்படைக் கலால் வரி 2 ரூபாய் 98 காசிலிருந்து 1 ரூபாய் 40 காசாக இறங்கியது. விவசாய உள்கட்டமைப்பு செஸ் என்ற பெயரில் இரண்டரை ரூபாய் புதிதாக ஏறியது. சாலை செஸ் 18 ரூபாய், சிறப்புக் கூடுதல் கலால் 11 ரூபாய். 32 ரூபாய் 90 காசில் பங்கிட வேண்டியது 1 ரூபாய் 40 காசு. அதில் 41 சதவீதம் என்றால் 57 காசு. அந்த 57 காசைத்தான் இந்தியாவின் எல்லா மாநிலங்களும் பகிர்ந்துகொள்ள வேண்டும். டீசலில் 31 ரூபாய் 80 காசுக்குப் பங்கிட வேண்டியது 1 ரூபாய் 80 காசு.

பின்னர் 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் வரியைக் குறைத்தார்கள். செஸ்ஸில்தான் குறைத்தோம், மாநிலப் பங்கைத் தொடவில்லை என்றார்கள். அது உண்மை. ஒன்றே கால் ரூபாய்க்குச் சற்று மேலிருந்த தொகையில் தொட்டுக் குறைக்க இடமில்லை என்பதும் உண்மை.

2011-12இல் ஒன்றிய அரசின் மொத்த வரி வருவாயில் செஸ்ஸும் சர்சார்ஜும் பத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தன. 2020-21இல் ஐந்தில் ஒரு பங்கு அளவை எட்டின. நூறு ரூபாயில் இருபது முதலிலேயே தனியே போய்விட்டால், மீதி எண்பதில் 41 சதவீதம் என்பது 33 ரூபாய்க்கும் குறைவு. மேடையில் 41 என்கிறோம். கையில் வருவது 33. நிதிக்குழு எவ்வளவு நியாயமானவர்கள் அமர்ந்த குழுவாக இருந்தாலும் இதில் ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட பாத்திரத்தில் இருப்பதைத்தான் அவர்கள் பங்கிடலாம்.

அப்படித் தனியே எடுத்த பணம் சொன்ன காரியத்துக்காவது போகிறதா? 2018-19ஆம் ஆண்டுக் கணக்கைத் தணிக்கை செய்த சிஏஜி, 35 வகை செஸ், கட்டணங்கள் மூலம் 2.74 லட்சம் கோடி ரூபாய் வசூலானதையும், அதில் 1.64 லட்சம் கோடிதான் உரிய நிதிகளுக்கு மாற்றப்பட்டதையும் பதிவு செய்தார். மீதி இந்தியத் திரட்டு நிதியிலேயே தங்கிவிட்டது. கச்சா எண்ணெய் செஸ்ஸில் பத்தாண்டுகளில் 1.24 லட்சம் கோடி வந்தது. எண்ணெய்த் தொழில் வளர்ச்சி வாரியத்துக்கு அது மாற்றப்படவில்லை. எங்கள் ஊர் பஞ்சாயத்து நூலக வரியை வாங்கித் தன் பொதுக்கணக்கில் வைத்துக்கொண்டிருந்தால் அப்பா என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியும். மனு எழுதிக்கொண்டு கலெக்டர் அலுவலகத்துக்குப் பஸ் ஏறியிருப்பார்.

இதை வெறும் பணக்கணக்காக மட்டும் பார்க்காதீர்கள். பங்காக வரும் ஒரு ரூபாய்க்கு நிபந்தனை கிடையாது. அதை எங்கே செலவிடுவது என்பதை மாநிலச் சட்டமன்றம் தீர்மானிக்கிறது. செஸ்ஸாகப் போன ரூபாய் திரும்பி வந்தாலும் ஒன்றிய அரசுத் திட்டமாக, விதிமுறையோடு, பெரும்பாலும் 60க்கு 40 என்ற பங்குத் தொகையோடு வருகிறது. அந்த 40ஐ மாநிலம் தன் பணத்திலிருந்து எடுத்து வைக்க வேண்டும். அதாவது போன பணம், வரும்போது இருந்த பணத்தையும் சேர்த்துத் தன் வழிக்கு இழுத்துக்கொள்கிறது. 1956இல் காமராசர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார், 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். டெல்லியிடமிருந்து தேசியத் திட்டம் 1995இல்தான் வந்தது. ஒரு மாநிலம் தன் மனதுக்குச் சரியென்று பட்டதைச் செய்ய நிபந்தனையில்லாத பணம் கையில் இருக்க வேண்டும். அந்த இடம் சுருங்கினால் அடுத்த சத்துணவு எந்த மாநிலத்திலிருந்தும் வராது.

இங்கே ஒரு தவறான திசையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நம் மேடைகளில் இந்த விவாதம் 'நாம் கொடுக்கிறோம், வடக்கு வாங்குகிறது' என்று முடிந்துவிடுகிறது. பத்தாவது நிதிக்குழுவில் 6.637 சதவீதமாக இருந்த தமிழ்நாட்டின் பங்கு 15ஆவது குழுவில் 4.079 ஆகிவிட்டது, மக்கள்தொகையைக் கட்டுப்படுத்தியதற்கு இது தண்டனையா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் அது மாநிலங்களுக்கிடையே பங்கு பிரிக்கும் கேள்வி. செஸ் வேறு கேள்வி.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்கில், பாட்னாவிலிருந்து வந்த பொருளியல் ஆசிரியர் ஒருவரோடு டீ நேரத்தில் வாக்குவாதம். பீகாருக்குப் போகும் பணத்தின் மேல் தெற்கு கண்வைக்கிறது என்று அவர் வருந்திச் சொன்னார். நிகழ்ச்சி நிரலின் பின்பக்கத்தில் இருவரும் கணக்குப் போட்டோம். தொகுப்பிலிருந்து 100 ரூபாய் செஸ்ஸாகப் போனால் மாநிலங்கள் இழப்பது 41. அதில் தமிழ்நாடு இழப்பது 1 ரூபாய் 67 காசு. பீகாரின் பங்கு 10.058 சதவீதம், அது இழப்பது 4 ரூபாய் 12 காசு. உத்தரப் பிரதேசம் இழப்பது 7 ரூபாய் 35 காசு. அவர் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை என் மாணவர்களுக்கு நான் ஏன் சொல்லித்தரவில்லை?" என்று கேட்டார். நானும் அதுவரை சொல்லித்தந்ததில்லை. தமிழ்நாட்டின் இழப்பு என்று எத்தனையோ வகுப்பில் பேசியிருக்கிறேன். பீகாரின் இழப்பு நம்முடையதைப் போல இரண்டரை மடங்கு என்று ஒரு நாளும் கரும்பலகையில் எழுதியதில்லை. ஏழை மாநிலத்தை அதிகம் அடிக்கும் ஓர் ஏற்பாட்டை எதிர்க்க ஏழை மாநிலங்களை உடன் அழைக்காமல் இருந்தது நம் பக்கத்துப் பிழை.

ஒன்றிய அரசின் தரப்பிலும் வாதம் உண்டு. பாதுகாப்புச் செலவு அதனுடையது, பெருந்தொற்று போன்ற நெருக்கடியில் கடன் வாங்கித் தாங்குவதும் அதுவே, செஸ் பணத்தில் போடும் சாலை மாநிலங்களின் மண்ணில்தான் ஓடுகிறது. இவற்றை நான் ஒதுக்கவில்லை. நெருக்கடிக்குச் சர்சார்ஜ் போடட்டும். 271ஆம் பிரிவு அதற்கு இடம் தருகிறது. நெருக்கடி முடிந்த பிறகும் அது முடியாமல் இருப்பதுதான் என் புகார். செஸ்ஸும் அப்படித்தான். 2004இல் 2 சதவீதமாக வந்த கல்வி செஸ், 2007இல் 3 சதவீதமாகி, 2018இல் சுகாதாரத்தையும் சேர்த்துக்கொண்டு 4 சதவீதமாகி, உங்கள் வருமான வரிக் கணக்கின் அடியில் இன்றும் நிற்கிறது. இருபதாண்டுக்கு மேல் நிற்கும் ஒன்றுக்கு வரி என்ற பெயரைத் தவிர வேறு எந்தப் பெயர் பொருந்தும்?

இவ்வளவு சொன்ன பிறகு நம் வீட்டைப் பற்றியும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பேசியவனாக மாட்டேன். டெல்லி நம்மிடம் செய்வதை நாம் ஊராட்சிகளிடமும் நகராட்சிகளிடமும் செய்கிறோம். 2016 அக்டோபரில் உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. ஊரகப் பகுதிகளில் பெரும்பாலான மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், நகரங்களுக்கு 2022 பிப்ரவரியிலும்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் நகரங்களை நடத்தியவர்கள் தனி அலுவலர்கள். மாநில சுயாட்சியை முழங்கிய மண்ணில் இது நடந்தது என்பது என்னை உறுத்துகிறது. கே. சந்தானம் சொன்ன வாசலில் நம் ஊராட்சித் தலைவரும் நின்றுகொண்டிருக்கிறார். அந்த வாசல் கோட்டையில் இருக்கிறது.

நான் கேட்பது இவ்வளவுதான். மொத்த வரி வருவாயில் செஸ்ஸும் சர்சார்ஜும் இத்தனை சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 270ஆம் பிரிவிலேயே ஒரு வரம்பு வேண்டும். தாண்டிய தொகை தானாகப் பங்கிடும் தொகுப்பில் சேர வேண்டும். ஒவ்வொரு செஸ்ஸும் ஐந்தாண்டில், அதாவது ஒரு நிதிக்குழுவின் காலத்தோடு காலாவதியாக வேண்டும். தொடர வேண்டுமென்றால் வரியாகத் தொடரட்டும். எவ்வளவு வந்தது, எந்த நிதிக்குப் போனது என்பது பட்ஜெட்டோடு ஒரே தாளில் வெளிவர வேண்டும், ஓர் ஊர்ப்புற நூலகர் விரல் வைத்துப் பார்க்கக்கூடிய மாதிரி.

அரசமைப்பைத் திருத்துவது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். 80ஆவது திருத்தம் 2000ஆம் ஆண்டு ஜூன் மாதம் சட்டமானது. கூட்டணி ஆட்சி, மாநிலக் கட்சிகளின் ஆதரவில் நின்ற அரசு. இனிமேல் பங்கிடுவோம் என்பதோடு அவர்கள் நிறுத்தவில்லை. நான்காண்டு பின்னால் போய், 1996 ஏப்ரல் 1ஆம் தேதியிலிருந்தே அந்தத் திருத்தம் நடைமுறையில் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்று எழுதினார்கள்.